முயலுக்கு ஒரு வீடு

சென்ற வாரம் எம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவன், பாடம் முடிந்து மணி அடித்த பின்னரும் வீட்டுக்குப் புறப்படாமல் மேசையருகே தயங்கி நின்றான். என்ன விடயம் என்று வினவினோம். "சேர், மாமா ஒரு சோடி முயல் கொண்டுவந்து தந்தவர். கூடு அடிக்க வேணும். எத்தனை தகரம் வேணும்?" என்றான். தகரமே வேண்டாம் என்று நாம் கூறியதும் அவன் முகத்தில் எழுந்த வியப்பு இன்னும் எம் கண்முன் நிற்கிறது. அவனுக்குக் கூறியதை இவ்வாரம் இப்பகுதியிலும் எழுதிவைத்தால், வளவில் முயல் வளர்க்க விரும்பும் வேறு பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படுமென்று கருதினோம்.

தகரம் வேண்டாம் என்று சொல்ல எமக்குள்ள தகுதி பட்டறிவால் வந்த தகுதி. சில ஆண்டுகளுக்கு முன் எம் மகளின் நச்சரிப்புத் தாங்காமல் வெள்ளை முயல் ஒன்று வாங்கினோம். 2010 இல் ஊருக்குத் திரும்பியபோது போட்டிருந்த கொட்டிலின் தகரங்கள் சில வீட்டின் பின்புறம் சும்மா கிடந்தன. ஒரு சனிக்கிழமை முழுவதும் செலவிட்டு, அவற்றை வெட்டிக் கூரையாக்கி, மூன்று பக்கச் சுவருமாக்கி, பச்சை வர்ணமும் பூசி, பார்ப்போர் மெச்சும் கூடொன்றைச் செய்து முடித்தோம். அப்போது மாசி மாதம். முயலுக்குக் குறையொன்றும் இருக்கவில்லை. சித்திரை பிறந்து இரண்டாவது கிழமை, நண்பகல் கழிந்த வேளையில் மகள் கூட்டருகே சென்றவள் கூவி அழைத்தாள். முயல் கால்களை நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. "தண்ணி வைச்சனான்தானே அப்பா?" என்று அவள் கேட்டாள். சட்டியில் தண்ணீர் இருந்தது. தொட்டுப் பார்த்தோம், சுட்டது.

இதில் எம்மை வருத்துவது யாதெனில், நாம் அறியாமற் செய்த பிழையன்று அது. வன்னியில் மீளக் குடியேறியவர்களுள் தகரக் கொட்டிலில் வாழ்ந்திராதார் சிலரே. முற்பகல் பதினொரு மணிக்குப் பின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். வெயில் சாய்ந்த பின்னரே உள்ளே வருவோம். மனிதருக்குப் போக மரத்தடி இருந்தது. கதவைப் பூட்டி உள்ளே அடைத்த பிராணிக்கு அது ஏது? எம் உடம்பு அறிந்திருந்ததை எம் அறிவு மறந்துவிட்டது.

முயல் வெப்பத்துக்கு ஏன் இத்துணை எளிதில் பலியாகின்றது என்பதையும் சொல்லவேண்டும். வீட்டு முயலின் மூதாதையர் ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்தவர். நிலத்தடியில் வளை தோண்டி, பகற்பொழுதின் பெரும்பகுதியை அதன் குளிர்ச்சியிற் கழித்தவர். முயலால் மனிதனைப்போல வியர்த்து உடலை ஆற்ற முடியாது. நாயைப்போல நாக்கை நீட்டி இளைத்தும் பெரும் பயன் பெறாது. அந்நீண்ட காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியாகவே அது உடற்சூட்டைப் பெரிதும் வெளியேற்றுகின்றது. சுற்றுக் காற்றே உடம்பளவு சுட்டால் காது என்ன செய்யும்? 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 30 ஐத் தாண்டினால் துன்பம். எமது பகுதியிலோ சித்திரை, வைகாசி மாதங்களில் 35 பாகை காண்பது புதுமையன்று. தமிழ்நாட்டில் இந்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று ‘வெள்ளை ஜயன்ட்’, ‘சோவியத் சின்சில்லா’ முயல் இனங்களைப் பேணி வருகின்றது. அந்நிலையம் இருப்பது சமவெளியிலன்று. கொடைக்கானல் மலையில், குளிர்ந்த மன்னவனூரில். மலையை நாம் வன்னிக்குக் கொண்டுவர இயலாது. நிழலையும் காற்றையும் கொண்டுவரலாம்.

ஆகவே கூடு அடிக்கு முன் செய்யவேண்டிய வேலை, பலகை வாங்குவதன்று. பிற்பகல் மூன்று மணிக்கு வளவில் நின்று நிழல் எங்கே விழுகிறதென்று பார்ப்பதே. காலை நிழலை நம்பி ஏமாறவேண்டாம். வேம்பு, மா, புளி எதுவாயினும் நன்று. தென்னையின் கீழ் மட்டும் கூடாது, காரணம் சொல்லவேண்டியதில்லை. கூட்டின் நீளப்பாடு கிழக்கு மேற்காக அமையட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் விழும். அவ்விரண்டையும் பலகையால் அடைத்துவிடலாம். நீண்ட பக்கங்களான வடக்கையும் தெற்கையும் கம்பிவலையாக விட்டால், சோழகக் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போகும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றோடு மழை வருங்காலத்தில் வடக்குப் பக்கத்தை மறைக்கக் கிடுகுத் தட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுக. நனைந்த முயலுக்குச் சளியும் சுவாச நோயும் வரும். நனைந்த தரையில் நிற்கும் முயலுக்குப் பாதம் புண்ணாகும்.

கூரைக்குக் கிடுகு அல்லது பனையோலை. பழைய தகரத்தை வீசிவிடவும் வேண்டியதில்லை. மழைக்குத் தகரத்தைப் போட்டு, அதன்மேல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டுக் கிடுகு வேய்ந்தால் வெயில் தகரத்தைத் தொடாது. ஓரம் ஓரடியேனும் வெளியே நீண்டிருக்கட்டும்.

அளவைப் பற்றிச் சிறிது. கடையில் விற்கும் கூடுகளிற் பல முயலுக்குச் சிறைச்சாலைகளே. இங்கிலாந்தின் முயல் நலச் சங்கத்தார் இரண்டு முயல்களுக்குப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் மூன்றடி உயரமும் வேண்டுமென்கின்றனர். அவ்வளவு செய்ய வசதியுடையோர் செய்க. இயலாதோர் நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரத்துக்குக் குறையாமற் செய்து, காலையிலும் மாலையிலும் வேலியடைத்த இடத்தில் ஓடவிட வேண்டும். முயல் உடம்பை முழுதும் நீட்டிப் படுக்கவும், பின்னங்கால்களில் எழுந்து காதை நிமிர்த்தவும், மூன்று தாவல் தாவவும் இடம் வேண்டும். ஒரு மூலையில் பலகையால் இருட்டறை ஒன்றும் அமைக்க. அஞ்சியபோது ஒளிய வளையில்லாத முயல் நிம்மதியாக உண்ணாது.

தரையில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். முழுக்கக் கம்பிவலைத் தரை போட்டால் துப்புரவாக இருக்கும், உண்மை. ஆனால் முயலின் பாதத்தில் நாய்க்கு உள்ளதுபோன்ற தடித்த தோலில்லை. வெறும் உரோமமே உண்டு. கம்பி நாளடைவில் அதனை அறுத்துப் புண்ணாக்கும். கமுகஞ் சலாகைகளை நன்கு சீவி, அரை அங்குல இடைவெளியில் அடிப்பது எமது முறை. எரு கீழே விழும், கால் சிக்காது. இருட்டறையின் தரை மட்டும் முழுப் பலகையாக இருக்க, அதன்மேல் உலர்ந்த வைக்கோல் பரப்புகிறோம். கீழே விழும் எருவைக் கூட்டி மிளகாய்ப் பாத்திக்கு இடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் விட்டால் சிறுநீரின் நெடி முயலின் மூக்கையும் அரிக்கும், உங்கள் மூக்கையும் அரிக்கும். மரத்துக்கு வர்ணம் பூசாதீர். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. ஆதலால் அது கொறித்துக்கொண்டேயிருக்கும். எமது பச்சை வர்ணம் பாதி அதன் வயிற்றுக்குள் போனது.

இனி இரவு. வன்னியில் நாயும் நரியும் கீரியும் மரநாயும் உள்ளன. சாரையும், வெங்கிணாந்தி என்று எம்மவர் கூறும் மலைப்பாம்பும் உள்ளன. கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது. தடித்த கம்பியில் அரை அங்குலக் கண்ணுள்ள வலையே வேண்டும். வலையைச் சட்டத்தின் உட்புறத்தில் அடித்தால் முயல் சட்டத்தைக் கொறிக்காது; வெளியிலிருந்து இழுக்கும் பிராணிக்கும் எளிதிற் கழராது. இரண்டங்குலத்துக்கு ஓர் ஆணியேனும் இருக்கட்டும். கதவுக்குக் கயிறு கட்டாமல் கொளுக்கி போடுக. கால்கள் மூன்றடி உயரமாக இருக்க, ஒவ்வொரு காலின் கீழும் பழைய பேணி ஒன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் எறும்பு ஏறாது. நுளம்பு பெருகாதபடி அத்தண்ணீரை அடிக்கடி மாற்றவும் வேண்டும். இன்னொன்று: நாய் உள்ளே புகாவிடினும், இரவெல்லாம் கூட்டைச் சுற்றிச்சுற்றி வந்தால் அவ்வச்சமே முயலைக் கொல்லக்கூடும். கூட்டைச் சுற்றி ஒரு வேலி வீண்செலவன்று.

சோடியாக வளர்ப்போர் தொடக்கத்திலேயே நடுவே தடுப்புப் போடுக. முயல் சினைப்பட்டு ஏறத்தாழ 31 நாளில் ஈனும். ஈன்ற சில நாளிலேயே மீண்டும் சினையாகும். கிடாய்கள் இரண்டானால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். குட்டிகள் உரோமமின்றிக் கண்மூடிப் பிறப்பவை. கண் திறக்கப் பத்து நாள் செல்லும். ஈனுவதற்குச் சில நாள் முன்னரே வைக்கோல் இட்ட பெட்டியொன்றை உள்ளே வைத்தால் தாய் தன் உரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைத்துக்கொள்ளும். நாளுக்கு ஒரு முறைதான் பாலூட்டும். தாய் கவனிக்கவில்லையே என்று பதறிக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரியவேண்டாம்.

வயலில் அகப்படும் முயற்குட்டியின் கதை வேறு. அது காட்டு முயல். வீட்டு முயலின் இனமன்று. வளை தோண்டாது, உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் அதனைப் புல்லிடையே விட்டுப் பகலெல்லாம் விலகியிருந்து, இருட்டியதும் வந்து பாலூட்டும். அநாதையென்று இரங்கி எடுத்துவரும் குட்டியை அநாதையாக்குவது நாமே. கூட்டில் அது பெரும்பாலும் வாழாது. கண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள். வீட்டு முயலைக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் அத்தகைய பிழையே. 1859 இல் அவுஸ்திரேலியாவில் வேட்டைக்கென்று விடப்பட்ட சில முயல்கள் பின்னர் அக்கண்டத்தின் பெரும்பகுதியையே மேய்ந்து அழித்தன. எம் ஊரில் அவ்வளவு நேரும் என்று நாம் கூறவில்லை. நரி ஒரே இரவில் கணக்கைத் தீர்த்துவிடும்.

உணவுக்குக் கினிப்புல், அறுகு, நிழலில் உலர்த்திய புல் ஆகியன முதன்மை, முருங்கையிலை சிறிது. கரட் படத்தில் காண்பதுபோல நாடோறும் கொடுப்பதற்கன்று. மரவள்ளி இலையில் நஞ்சுண்டு, வேண்டாம். தண்ணீரைக் கனத்த மண்சட்டியில் வைத்து, வெயில் நாளில் நண்பகலில் ஒரு முறை மாற்றுக. அந்நாள்களில் தெற்கு வலையின் மேற்பாதியில் ஈரச்சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டால் காற்று குளிர்ந்து நுழையும். நனைத்த செங்கல் ஒன்றை உள்ளே வைத்தால் முயல் தானே தேடிச்சென்று அதன்மேற் படுக்கும். விரைந்து மூச்சு வாங்கினால், மூக்கு நனைந்து காது சிவந்திருந்தால், உடனே குளிர்ந்த இடத்துக்கு எடுத்துச்சென்று காதுகளை ஈரத்துணியால் ஒற்றுக. குளிர்நீரில் முக்கக்கூடாது, அதிர்ச்சியே உயிரைப் போக்கும்.

இப்போது எம் வீட்டில் சாம்பல்நிற முயல் ஒன்று உள்ளது. அதற்கு வேப்பமரத்தடியில் கிடுகுக் கூரை. பள்ளி நாள்களில் சாக்கு நனைக்கும் பொறுப்பு மகளின் அம்மம்மாவுடையது. அவர் அதனை முயலுக்குப் பிரசங்கம் செய்துகொண்டே நனைப்பார்.

மாணவன் திங்கட்கிழமை மீண்டும் வந்தான். வளவில் நிழல் பார்த்தானாம். மூன்று மணிக்குக் கிணற்றடிப் பக்கமே நிழல் விழுகிறது, அங்கே எப்போதும் ஈரமாயிருக்குமே என்று தயங்கினான். நிலம் சற்று மேடான பக்கமாகப் பார்த்து, மூன்றடிக் கால் நட்டுத் தூக்கிக் கட்டு என்றோம். கிடுகு எத்தனை வேண்டுமென்று கொப்பியில் கணக்குப் போட்டுக்கொண்டு போனான்.