ஹெலிகாப்டர் யார் வாசலில் இறங்கும்?

பழைய மகாபலிபுரம் சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று நெரிசலில் சிக்கி அலறிக்கொண்டு நிற்பதை யாராவது காணொளி எடுத்துப் போட்டால் போதும், 'சென்னைக்கு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வேண்டும்' என்ற குரல் கிளம்பிவிடும். லண்டனைப் பார், ஜெர்மனியைப் பார் என்பார்கள். நம் பக்கத்துத் தோழர்களோ, 'அது பணக்காரனின் பொம்மை, நமக்கெதற்கு?' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை. ரத்தம் கொட்டத் தெருவில் கிடப்பவருக்குப் பத்து நிமிடம் என்பது பொம்மை அல்ல, உயிர். அந்தப் பத்து நிமிடம் யாருக்குக் கிடைக்கும், யார் காசில் கிடைக்கும் என்பதைத்தான் பேச வேண்டும். அதைப் பேசாத ஆதரவும் எதிர்ப்பும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

எல்லோரும் காட்டுகிற லண்டனையே எடுத்துக்கொள்வோம். அங்கே இந்தச் சேவை 1989-இல் தொடங்கியது. வங்கதேச முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் ஒயிட்சேப்பலில், ராயல் லண்டன் மருத்துவமனையின் கூரையிலிருந்து பறக்கிறார்கள். ஒரு மருத்துவர், ஒரு பாராமெடிக். விபத்து நடந்த இடத்திலேயே மயக்க மருந்து கொடுப்பார்கள், ரத்தம் ஏற்றுவார்கள், வேறு வழியில்லை என்றால் நடைபாதையில் வைத்தே நெஞ்சைத் திறந்து இதயத்தின் ஓட்டையை அடைப்பார்கள். 1990-களிலிருந்தே இதைச் செய்கிறார்கள். அவர்களால் பிழைத்தவர்களில் கத்திக்குத்துக்கு ஆளான ஏழை வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. எனவே இதைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று நான் தள்ளமாட்டேன்.

ஆனால் லண்டனைக் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்வதில்லை.

முதலாவது, அங்கே பெரும்பாலான நோயாளிகள் ஹெலிகாப்டரில் ஏற்றப்படுவதே இல்லை. ஹெலிகாப்டர் மருத்துவரைக் கொண்டுவந்து இறக்குகிறது. நோயாளி சாதாரண ஆம்புலன்ஸில், தரை வழியாகவே மருத்துவமனைக்குப் போகிறார். மருத்துவரும் கூடவே ஏறிக்கொள்கிறார். இரவில் ஹெலிகாப்டர் பறப்பதில்லை. அதே குழு, அதே மருந்துப் பையோடு, காரில் போகிறது. ஆக, நகரத்தில் உயிரைக் காப்பாற்றுவது இறக்கை அல்ல. மருத்துவமனையிலிருந்து வெளியே வரத் தயாராக இருக்கும் ஒரு தேர்ந்த மருத்துவரும், அவரை நம்பி அனுப்பும் பொது அமைப்பும். நம் ஊரில் இந்தப் பேச்சு எப்போதும் இயந்திரத்தின் விலையைப் பற்றியதாகவே இருக்கிறது, அந்த மருத்துவரைப் பற்றியதாக இருப்பதில்லை. பூமி பூஜை போட்டு, கொடியசைத்துப் படம் எடுத்துக்கொள்ள இயந்திரம்தான் வசதி என்பது காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, பணம். இலவச மருத்துவத்துக்கு உலகமே எடுத்துக்காட்டும் பிரிட்டனில், இந்த ஹெலிகாப்டர் ஒரு அறக்கட்டளையின் சொத்து. மருத்துவர்களையும் பாராமெடிக்குகளையும் அரசின் என்.எச்.எஸ். அமைப்பு அனுப்புகிறது. பறக்கிற செலவில் பெரும்பகுதி நன்கொடை, உயில் எழுதி வைத்த சொத்து, லாட்டரிச் சீட்டு. இரண்டு புதிய ஹெலிகாப்டர்களுக்காக 1 கோடியே 50 லட்சம் பவுண்டு திரட்டப் பொதுமக்களிடம் கையேந்தித்தான் 2024-இல் அவற்றைப் பறக்கவிட்டார்கள். (லாட்டரியை 2003-இல் தடை செய்த தமிழ்நாட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.) நோயாளியிடம் ஒரு காசு வாங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் இது உரிமை அல்ல, தருமம். தருமத்தின் குணம் நமக்குத் தெரியாததா? அன்னதானத்திலேயே யார் எந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்று தீர்மானித்த சமூகம் இது. லண்டனின் அறக்கட்டளையை அப்படியே இங்கே நட்டால், அது எந்த மண்ணின் தண்ணீரைக் குடித்து வளரும் என்று யோசிக்க வேண்டும்.

தருமம் வேண்டாம், சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு அமெரிக்கா இருக்கிறது. அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2017-இல் ஒரு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பயணத்துக்குப் போடப்பட்ட கட்டணத்தின் நடுமதிப்பு சுமார் 36,400 டாலர். தனியார் காப்பீடு வைத்திருந்தவர்களின் பயணங்களில் மூன்றில் இரண்டு பங்கு, அவர்களுடைய காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமே இல்லாத ஹெலிகாப்டரில் நடந்தது. நினைவிழந்து கிடப்பவர் எந்த நிறுவனத்தின் ஹெலிகாப்டர் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியுமா? பிழைத்தவர்கள் வீடு திரும்பியதும் கடன் நோட்டீஸ் வந்தது. இந்தத் திடீர்க் கட்டணங்களைத் தடுக்கும் சட்டம் 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கடுத்த ஆண்டு, முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கையிலிருந்த 'ஏர் மெத்தட்ஸ்' என்ற மிகப்பெரிய ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் நிறுவனம் திவால் மனு போட்டது.

அதே நாட்டில் மேரிலாண்ட் மாநிலத்தில் வேறு கதை. 'கோல்டன் ஹவர்' என்ற சொல்லைப் பரப்பிய ஆடம்ஸ் கௌலி என்ற அறுவை மருத்துவர் பால்டிமோரில் வேலை செய்தவர். 1970 முதல் அங்கே மாநிலக் காவல்துறையின் ஹெலிகாப்டர்கள் விபத்தில் அடிபட்டவர்களை ஏற்றிச் செல்கின்றன. நோயாளிக்குக் கட்டணம் கிடையாது. பணம் எங்கிருந்து வருகிறது? மாநிலத்தில் வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டும் ஒரு சிறு தொகையிலிருந்து. அதே நிதிதான் பால்டிமோரின் விபத்து சிகிச்சை மையத்துக்கும், தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களுக்கும் உதவுகிறது. சாலையை நிரப்புகிறவர் சாலையில் விழுகிறவருக்குக் கட்டுகிறார். இதில் கும்பிடும் இல்லை, கடனும் இல்லை. ஜெர்மனியில் 1970 நவம்பரில் மியூனிக்கில் முதல் மீட்பு ஹெலிகாப்டர் நிறுத்தப்பட்டது. அங்கே எல்லோருக்குமான கட்டாய மருத்துவக் காப்பீடு அந்தச் செலவை ஏற்கிறது. அங்கேயும் மையம் மருத்துவர்தான்.

இனி நம் ஊர். நகர்ப்புற மறுகுடியமர்வு பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் 'நிமிடங்கள்' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களை, பெரும்பாலும் தலித் மக்களை, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். இவர்கள் ஒருகாலத்தில் சென்ட்ரல் அரசுப் பொது மருத்துவமனைக்கும் ராயப்பேட்டைக்கும் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருந்தவர்கள். பிரசவம், நெஞ்சுவலி, தீக்காயம் எதுவானாலும் தூக்கிக்கொண்டு ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்று 20 கிலோமீட்டருக்கு மேல். யாரும் விபத்தில் சிக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொருவரிடமிருந்தும் முக்கால் மணி நேரம் பறிக்கப்பட்டது, அரசாணை போட்டே பறிக்கப்பட்டது. அவர்கள் காலி செய்த ஆற்றங்கரை 'மீட்கப்பட்ட' கணக்கில் சேர்ந்தது. இந்தத் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அதே நகரத்துக்குப் 'பொன்னான நேரத்தை' வானத்திலிருந்து இறக்கிவைப்போம் என்றால் யாருக்கான நேரம் அது?

என் களப்பணியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பு, பெயர் வேண்டாம். லிஃப்ட் ஓடாத நாள். ஆறாவது மாடியில் மூச்சுத்திணறலோடு கிடந்த ஒரு அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பையன்கள் நான்கு பேர் படிக்கட்டுக்குப் படிக்கட்டு நின்று நின்று இறக்கினார்கள். 108 வண்டி கீழே ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. வண்டி சரியான நேரத்துக்கு வந்ததாகத்தான் பதிவேட்டில் இருக்கும். கீழிருந்து ஆறாம் மாடிக்கான தூரத்தை எந்தப் பதிவேடும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த வண்டியில் வந்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். 2008-இல் தொடங்கிய 108 சேவையில் இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஓட்டுநருக்கு அங்கே 'பைலட்' என்று பெயர். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கும் பைலட்டுகள். எட்டு மணி நேர வேலை, பணிப் பாதுகாப்பு என்று எத்தனை ஆண்டுகளாக அவர்கள் சங்கம் கட்டிப் போராடுகிறார்கள் என்பதைத் தொழிற்சங்கச் செய்திகளைப் படிக்கிறவர்கள் அறிவார்கள். தரையில் ஓட்டும் பைலட்டுக்கு எட்டு மணி நேரம் தர மனமில்லாத ஏற்பாடு, வானத்தில் ஓட்டும் பைலட்டை எந்த ஒப்பந்தத்தில் கொண்டுவரும் என்று ஊகிக்க பெரிய ஆய்வு தேவையில்லை. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்ததும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் தனியார் ஒப்பந்தம் என்ற அதே சொல்லை எதிர்த்துத்தான்.

அவசர மருத்துவத்தின் வரலாற்றை வெள்ளை மருத்துவர்களின் மேதைமைக் கதையாக மட்டுமே நமக்குச் சொல்லித்தருகிறார்கள். பிட்ஸ்பர்க் நகரத்தைப் பற்றிச் சொல்வதில்லை. 1960-களில் அங்கே நோயாளியை ஏற்றிச் செல்லும் பொறுப்பு போலீஸிடம் இருந்தது. ஸ்ட்ரெச்சரைப் பின்னால் தள்ளிக் கதவை மூடினால், வழியில் தொட்டுப் பார்க்க ஆளில்லை. கறுப்பர்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அந்த வேனும் நேரத்துக்கு வராது. 1967-இல் அதே பகுதியின் வேலையில்லாத கறுப்பு இளைஞர்களைச் சேர்த்து 'ஃபிரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. நவீன முதலுதவி முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் சஃபார் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள்தான் தெருவில் வைத்தே மூச்சுக்குழாய் செருகினார்கள், இதயத் துடிப்பைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். பிற்பாடு நான்சி கரோலின் என்ற மருத்துவர் அவர்களோடு வேலை செய்து எழுதிய பாடத்திட்டம் அமெரிக்கா முழுமைக்குமான பாராமெடிக் பாடத்திட்டத்துக்கு அடித்தளமானது. நகர நிர்வாகம் என்ன செய்தது? நிதியை இழுத்தடித்து, 1975-இல் சேவையையே மூடி, வெள்ளையர்கள் நிரம்பிய சொந்தச் சேவையைத் தொடங்கியது. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஃபிரீடம் ஹவுஸ் ஆட்கள் ஒவ்வொருவராக ஓரங்கட்டப்பட்டார்கள். தொழில்நுட்பம் உயர்ந்ததும் அதைக் கண்டெடுத்த கைகள் வேண்டாதவை ஆகிவிட்டன. நம் பிணவறைகளில் வேலை செய்கிறவர்களின் சாதியையும், ஹெலிகாப்டரில் ஏறப்போகும் குழுவின் சாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, மலைக்கிராமங்களுக்காவது ஹெலிகாப்டர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் பிள்ளையைச் சுமந்து நடந்தார். மலை என்றால் ஹெலிகாப்டர் என்ற யோசனையில் தவறில்லை. ரிஷிகேஷ் எய்ம்ஸில் 2024 அக்டோபரில் பிரதமர் தொடங்கிவைத்த ஹெலி ஆம்புலன்ஸ் அப்படி வந்ததுதான். ஏழு மாதத்துக்குள், 2025 மே மாதம், அது கேதார்நாத்தில் விழுந்து உடைந்தது; நல்லவேளையாக உள்ளே இருந்த மூவரும் பிழைத்தார்கள். அல்லேரிக்கு முதலில் வேண்டியது சாலையும், கைக்கெட்டும் தூரத்தில் விஷமுறிவு மருந்தும். பிறகு வரட்டும் ஹெலிகாப்டர்.

எந்த ஹெலிகாப்டரும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத ஒரு சாவு நகரத்தில் இருக்கிறது. மலக்குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு நிமிடக் கணக்கில் கொல்லும். அங்கே மீட்பு என்பதே ஆளை இறக்காமல் இருப்பது. 2013-இல் சட்டம் வந்தது, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. குழிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி என்ற ஒன்று வரும் நாளில் நாம் கேட்க வேண்டியவை இவை. நோயாளியிடமோ அவர் குடும்பத்திடமோ எந்தக் கட்டத்திலும் கட்டணம் கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா? ஹெலிகாப்டருக்கு முன்பு, அதே மருத்துவக் குழு காரில் போகும் ஏற்பாடு பெரும்பாக்கத்திலும் வடசென்னையிலும் நிறுத்தப்படுகிறதா? பணியாளர்கள் அரசு ஊழியர்களா, இடஒதுக்கீடு உண்டா? எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் போனார்கள் என்ற கணக்கு, குடியிருப்பு வாரியாகப் பொதுவெளியில் வருமா? 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்றபோது, அடிபட்டவர் யார் என்று கேட்கக் கூடாது என்ற கொள்கையை ஒப்புக்கொண்டோம். அதையே மேலே பறப்பதற்கும் நீட்டச் சொல்கிறேன்.

பணத்துக்கு மேரிலாண்ட் வழி இருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள ஒவ்வொரு காருக்கும் பதிவின்போதும் ஆண்டுதோறும் ஒரு தொகை. இருசக்கர வாகனத்துக்கு விலக்கு. ஹெலிகாப்டர் கேட்டு ஆவேசமாகப் பதிவிட்டுக்கொண்டிருந்த நண்பர்கள் குழு ஒன்றில் இந்த யோசனையைப் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஐ.பி.எல். பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.