கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு வாருங்கள்

தேர்தலில் வென்ற வழக்கறிஞர் பதவிக்காலம் முடியும்வரை நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது. இதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடாமல் விதியாகவே எழுதிவிட வேண்டும்.

1938 ஆகஸ்டில் தொழிலதிபர் ஜம்னாலால் பஜாஜுடன் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்து சில நாள் தங்கிய, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராஜேந்திர பிரசாத், பொதுவாழ்வா தொழிலா என்ற கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே விடை சொன்னவர். 1911இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கி, 1916இல் பாட்னாவுக்கு மாறி, முன்னணி வக்கீல் என்று பெயரெடுத்தார். 1917இல் சம்பாரணில் அவுரி விவசாயிகளின் வாக்குமூலங்களைக் காந்தியோடு இருந்து பதிவுசெய்தார். ஒத்துழையாமை இயக்கம் அழைத்ததும் கைநிறையச் சம்பாதித்துத் தந்த தொழிலை விட்டார். முன்பே ஏற்றிருந்த ஒரு வழக்குக்காகப் பின்னாளில் லண்டன் வரை போனாரே தவிர, தொழிலுக்குத் திரும்பவில்லை.

இன்றைய நிலை வேறு. சம்பளம் பெறும் முழுநேர ஊழியர் வழக்காட முடியாது என்கிறது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு அது பொருந்தாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதியில் தடை இல்லை என்பதே காரணம். அப்படியானால் விதியை மாற்றுவதே வழி.

மருத்துவரும் விவசாயியும் தொழிலைத் தொடரும்போது வழக்கறிஞருக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்கிறார்கள். சட்டம் இயற்றுபவரே அதே சட்டத்தைக் கட்சிக்காரருக்காக வளைத்து வாதாடிக் கட்டணம் வாங்குவது வேறு எந்தத் தொழிலிலும் இல்லை. நீதிபதியைப் பதவிநீக்கும் தீர்மானத்தில் வாக்களிக்கும் எம்.பி., அதே நீதிபதியின் முன் கட்சிக்காரருக்காக நிற்கிறார். எதிர்த்தரப்பில் நிற்கும் ஏழைக்கு எப்படி நம்பிக்கை வரும்?

சட்டத்தைச் செயல்படுத்துபவருக்கு உயர்ந்த தகுதி கேட்கும் நாம், அதை இயற்றுபவருக்கு எந்தத் தகுதியும் வைக்கவில்லையே என்று 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் வருந்தியவரும் பிரசாத்தான்.

கையிலுள்ள வழக்குகளை மாற்றிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தரலாம். பதவி முடிந்ததும் தொழிலுக்குத் திரும்பவும் வழி விடலாம். பார் கவுன்சில் இந்த விதியை உடனே கொண்டுவர வேண்டும். அதுவரை, வாக்குக் கேட்டு வரும் வழக்கறிஞரிடம் திருவண்ணாமலை வாக்காளர்கள் ஒன்றைக் கேட்கட்டும்: ஜெயித்தால் வழக்காடுவதை நிறுத்துவீர்களா?