மிஷினுக்கு இரும்புப் பெட்டி, மனிதனுக்கு டேப் சுற்றா?

தோழர்களே! நூற்பாலையில் வேலை செய்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தினந்தோறும் பார்க்கிறீர்கள். கார்டிங் மிஷினின் மோட்டாருக்கு வரும் வயர் எங்கே இணைகிறது? மூடி போட்ட பெட்டிக்குள் இணைகிறது. உள்ளே திருகாணி, அதன் அடியில் இறுக்கிய வயர், மேலே மூடி. ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? பறக்கும் பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் முதலாளியின் சரக்கு சாம்பலாகிவிடும்!

ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வாருங்கள். லைன் வீட்டின் உத்திரத்தை அண்ணாந்து பாருங்கள். இரண்டு வயரை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெட்டி எங்கே? மூடி எங்கே? கிராமத்திலும் இதே கதைதான். பண்ணையாரின் பம்பு செட்டுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. வயலில் உழைப்பவனின் கீற்றுக் கூரைக்கு அடியிலோ டேப் சுற்று!

பஞ்சுப் பேலுக்கு உள்ள மதிப்பு பாயில் தூங்கும் குழந்தைக்கு இல்லையா?

"இத்தனை வருஷமாக எரிகிறதே, என்ன ஆகிவிட்டது?" என்பார் வீட்டுக்காரர். "ஏதாவது என்றால் ப்யூஸ் போய்விடும்" என்றும் சொல்வார். இந்த இரண்டாவது பேச்சுதான் ஆளை ஏமாற்றுவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முறுக்கிய இணைப்பு நாளடைவில் தளரும், களிம்பேறும். அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை ஏற்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சார அடுப்பும் விசிறியும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கின்றன. பத்தைப் பத்தால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கை எடுங்கள்: 10 வாட். விரல் நுனி அளவு இடத்தில் 10 வாட் சூடு, மணிக்கணக்காக! டேப் இளகும், வயரின் மேல்தோல் கருகும், பொறி கிளம்பும். பக்கத்தில் கீற்று இருந்தால் சொல்ல வேண்டுமா?

ஆனால் ப்யூஸ் கவனிப்பது எதை? அளவுக்கு மேல் ஓடும் மின்சாரத்தை மட்டுமே. இங்கே ஓடுவது அதே 10 ஆம்பியர்தானே! 16 ஆம்பியருக்குப் போட்ட ப்யூஸ் எதற்காகப் போகும்? கூரை புகையும்போதுகூட அது சும்மா இருக்கலாம்.

சரியான இணைப்பு எது? வயரை இடையில் வெட்டாமல் முழுசாகக் கொண்டுபோவதே முதல் தரம். இணைத்தே தீரவேண்டும் என்றால், சுவரிலோ உத்திரத்திலோ அசையாமல் பொருத்திய ஜங்ஷன் பாக்ஸுக்குள் இணைக்க வேண்டும். மெயினை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். வயரின் கனத்துக்குத் தக்க திருகாணிக் கனெக்டர் வேண்டும். திருகாணிக்கு வெளியே வெறும் செம்பு தெரியக்கூடாது. இறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் அது இணைப்பே அல்ல. பச்சை எர்த் வயரும் அறுபடாமல் தொடர வேண்டும். பழைய அலுமினிய வயரையும் புதிய செம்பு வயரையும் நேரடியாக முறுக்கவே கூடாது. அந்த இடம் அரித்துச் சூடேறும். கடைசியாக மூடி. பெட்டியைக் காரை பூசி மறைத்துவிடாமல், பின்னால் திறந்து பார்க்க வழி வைக்க வேண்டும்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை அறுக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் வீட்டுக்கு அவசியம். ஷாக் அடித்துச் சாவதிலிருந்து அது காப்பாற்றும். ஆனால் தளர்ந்த இணைப்பின் சூட்டை அதுவும் அறியாது. ஆகவே பெட்டிக்குப் பதில் வேறொன்று இல்லை.

குற்றத்தை வயர்மேன் தலையில் கட்டுவது சுலபம். அவரும் கூலிக்காரர்தான். "பெட்டி எதற்கு? டேப்பைச் சுற்றிவிட்டுப் போ" என்று அவரை விரட்டுகிறவர் யார்? ஒரு பெட்டிக்கும் கனெக்டருக்கும் ஆகும் செலவு ஒரு நாள் கூலியில் சிறு பங்கு. மாதந்தோறும் வாடகையை எண்ணி வாங்குகிறவருக்கு இது பெரிய பாரமா?

சட்டமும் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளின்படி, வயரிங் வேலையையும் அதன் பழுதுபார்ப்பையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். சட்டம் ஏட்டில் இருந்தால் கூரை பிழைக்காது. கேட்கிற வாய் வேண்டும்.

லைன் வீட்டில் சுவர் ஒன்று, கூரை ஒன்று. ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்காது. ஆகவே தனித்தனியாகக் கேட்காதீர்கள். இந்த வாரம் லீவு நாளில் ஒன்றுகூடி வீடுவீடாகப் பாருங்கள். தொடாதீர்கள், பார்த்து எண்ணுங்கள். எந்த வீட்டில் எத்தனை டேப் சுற்று, எங்கே கருகல், எங்கே வாடை என்று எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்திட்டு வீட்டுக்காரரிடம் கொடுங்கள். சொந்தக் குடிசையில் இருப்பவர்கள் தெருவுக்கு ஒரு தகுதியுள்ள வயர்மேனைச் சேர்ந்து அழைத்தால் செலவு குறையும்.

மிஷினுக்குக் கிடைத்த இரும்புப் பெட்டி, அந்த மிஷினை ஓட்டுகிறவன் தலைக்கு மேலும் வந்தாக வேண்டும்!