திமிர் பிடித்த நாய்க்குட்டி

எங்கள் வீட்டுக் குட்டி மணிக்கு அப்போது நாலு மாதம். சாயங்காலம் நான் கதவைத் திறந்தால் ஓடி வரும். காதைப் பின்னால் மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, தரையோடு ஒட்டிப் படுத்து, அப்படியே மூத்திரம் விடும்.

"திமிருடா அதுக்கு. மூஞ்சிய அதுலயே தேச்சு நாலு போடு, அடங்கிடும்" என்றார் மாமா. நாய் வளர்த்த எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். நானும் இரண்டு நாள் அடித்தேன். மூன்றாம் நாள் நான் உள்ளே வருவதற்கு முன்பே, என் செருப்புச் சத்தத்துக்கே தரை நனைந்திருந்தது.

திமிர் பிடித்தவன் எவனாவது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவானா? 'நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணிடாத' என்பதை ஒரு குட்டி அப்படித்தான் சொல்லும். அடித்தால், சொன்னது போதவில்லை போல என்று இன்னும் அழுத்திச் சொல்லும். இன்னும் கொஞ்சம் மூத்திரம். வாலை ஆட்டிக் குதிக்கும்போது சிந்துவது வேறு. அது சந்தோஷம், அடக்கும் தசை இன்னும் பலப்படவில்லை. இரண்டுமே அதன் கையில் இல்லை.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். வீட்டுக்கு வந்ததும் குட்டியைக் கண்டுகொள்ளாதீர்கள். ஐந்து நிமிடம் போகட்டும். பிறகு பக்கவாட்டில் குந்தி, கண்ணுக்குள் பார்க்காமல், தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல், நெஞ்சைத் தடவுங்கள். விருந்தாளி வருவதற்கு முன் வெளியே கூட்டிப் போய் வாருங்கள். சிந்திவிட்டால் பேசாமல் துடையுங்கள். தூக்கத்திலும் சொட்டினால், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

"நாங்க அடிச்சோம், நின்னுடுச்சே" என்பார்கள். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதை ஒட்டித் தானாகவே நின்றுவிடும். வளர்ந்ததால் நின்றதற்குப் பிரம்பு பேர் வாங்கிக்கொள்கிறது. "நான்லாம் அடி வாங்கித்தான் உருப்பட்டேன்" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதிலும் எனக்கு இதே சந்தேகம் உண்டு. அப்பா வரும் சத்தம் கேட்டு டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்த பையன் நான். அதை மரியாதை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மணிக்கு இப்போது ஒன்பது மாதம். தரை காய்ந்திருக்கிறது. போன வாரம் மாமா வந்தார். "வந்ததும் அதைப் பார்க்காதீங்க மாமா, பேசாம சோபாவுல உக்காருங்க" என்றேன். "நாய்க்குப் பயந்து நான் உக்காரணுமா?" என்று கோபித்துக்கொண்டார்.

குட்டி சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டது. மாமாவுக்குத்தான் இன்னும் நாளாகும்.