நெற்குருத்தில் ஒரு குடியிருப்பு

பிள்ளை பெற்ற வீட்டின் மருந்துப் பெட்டியில் மாசிக்காய் இல்லாதிருப்பது அரிது. ஆயினும் அது பெயரளவில்தான் காய். துருக்கி, ஈராக், ஈரான் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகைக் கருவாலி மரத்தில் சிறு குளவியொன்று முட்டையிட, அதன் புழுவைச் சுற்றி மரமே புடைத்துத் தரும் உருண்டைதான் அது. அதன் சாற்றுடன் அன்னபேதி சேர்த்துச் செய்த கறுப்பு மையினால் அரபுக் கித்தாபுகள் பல எழுதப்பெற்றன.

இத்தகைய புடைப்புகளைக் காணத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் புதுவைத் தெருக்களில் நிற்கும் புங்கமரத்தின் இலைகளைப் பாருங்கள். அவற்றில் விரல்போல எழுந்து நிற்கும் கொப்புளங்கள், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிலந்திப் பேன்களின் வேலை. எனினும் இக்கலையில் தேர்ந்த பெருங்குடும்பம் ஒருவகைச் சிற்றீக்களே. கொசுவைப் போன்ற தோற்றமும், காற்றுக்கும் தாங்காத மெல்லுடலும் கொண்ட இவற்றுள் பெயரிடப்பட்டவை மட்டும் 6,000 இனங்களுக்கு மேல். பெயரிடப்படாதவை அதனினும் பன்மடங்கு இருக்கும் என்று 2016ஆம் ஆண்டில் வெளியான கனடா நாட்டு ஆய்வு கணித்தது.

நம் சோற்றுப்பானையோடு தொடர்புடையது இக்குடும்பத்தைச் சேர்ந்த ஆனைக்கொம்பன் ஈ. பாகூர்ப் பக்கத்து உழவரைக் கேட்டால் உடனே அடையாளம் சொல்வர். மழையும் மேகமூட்டமுமான நாள்களில் இரவில் விளக்கை நாடி வரும் இந்த ஈ, நெற்பயிரின் இலையடிகளில் முட்டையிடும். மூன்று நான்கு நாள்களில் பொரித்த புழு, இலைமேல் படிந்த பனியீரத்தின் வழியே ஊர்ந்து, இலையுறைகளுக்கு இடையே நுழைந்து குருத்தின் அடியை அடையும். பின்னர் நிகழ்வதுதான் வியப்பு. புழுவின் உமிழ்நீர் பட்ட குருத்து, தன் இயல்பை மறந்து, வெங்காயத்தாள் போன்ற வெண்ணிறக் குழலாக நீள்கிறது. யானைத் தந்தத்தை ஒத்திருப்பதால் ஆனைக்கொம்பு என்றனர். புழுவுக்கு வீடும் உணவும் அதுவே. கூட்டுப்புழுவானதும் குழலின் நுனிவரை ஏறி, துளையிட்டு, ஈயாகி வெளியேறும். அந்தத் தூரில் கதிர் வராது.

புழு இவ்வாறு கோட்டை கட்டிக்கொண்டதால் அதற்குப் பகையே இல்லையென்று எண்ணவேண்டா. பிளாட்டிகாஸ்டர் என்னும் கரிய குளவி இருக்கிறது. எறும்பினும் சிறியது. ஈ இட்ட முட்டைக்குள்ளேயே அது தன் முட்டையை வைத்துவிடுகிறது. புழு பொரிகிறது, குருத்தில் புகுகிறது, வீடும் கட்டுகிறது; ஆனால் தன் உடலுக்குள் பகைவனைச் சுமந்துகொண்டே அத்தனையும் செய்கிறது. குளவியின் ஒரே முட்டை பலவாகப் பிரிந்து, இறுதியில் ஒரு புழுவின் உடலிலிருந்து பல குளவிகள் புறப்படும். இவையன்றி, சிலந்திகளும் தரைவண்டுகளும் ஈயையும் புழுவையும் உண்டு பயிரைக் காக்கின்றன.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி உள்ளது. வயலில் வெண்குழல் கண்டவுடன் மருந்துக்கடைக்கு ஓடுவது வழக்கமாகிவிட்டது. குழல் வெளியே தெரியும்போது அந்தத் தூரின் இழப்பு நிகழ்ந்து முடிந்திருக்கும். மருந்தடித்து அதை மீட்க இயலாது. உள்ளிருக்கும் புழு பெரும்பாலும் தப்பும். வெளியே திரியும் குளவியும் சிலந்தியும் மடியும். அடுத்த தலைமுறை ஈக்குத் தடையின்றிப் பாதை திறந்துவிடும். தூர்கட்டும் பருவத்தில் ஓரளவு இழப்பைப் பயிரே புதுத்தூர் விட்டு ஈடுசெய்துகொள்ளும். ஆகவேதான் நூறு தூருக்குப் பத்துக்கு மேல் பாதிப்பு இருந்தால் மட்டுமே மருந்தைப்பற்றி எண்ணுமாறு வேளாண் அறிஞர் கூறுகின்றனர். குளவி குடியேறிய குழல்களைச் சேகரித்து, 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் இடும் முறையையும் கற்பிக்கின்றனர். எம்.டி.யு. 3 போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள நெல்வகைகளும் உண்டு. ஆனால் ஈயும் சும்மா இருப்பதில்லை. வெவ்வேறு நெல்வகைகளை வெல்லும் 7 உட்பிரிவுகள் இந்தியாவில் அறியப்பட்டுள்ளன. எனவே ஒரே உபாயத்தை நம்பியிருத்தல் கூடாது.

இக்குடும்பம் முழுவதையும் பகையாக எண்ணுவதும் நீதியன்று. மல்லிகை மொட்டைச் செந்நீலமாக்கி உதிர்ப்பது இதில் ஓரினம். அசுவினியைத் தின்று தோட்டத்தைக் காப்பது மற்றோரினம். மலேயா சென்று வந்தோர் சுவைத்திருக்கும் செம்படாக், நம் பலாவின் உறவு. அதன் ஆண் பூங்கொத்தில் படரும் பூஞ்சணத்தை உண்டு, அங்கேயே இனம்பெருக்கி, மகரந்தத்தைப் பெண் பூவுக்குச் சுமந்து செல்வன இவ்வினத்து ஈக்களே என்பதைச் சரவாக் காட்டில் நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் காட்டியது. பூவுக்கும் பூஞ்சணத்துக்கும் ஈக்கும் இடையே நடக்கும் முத்தரப்பு உடன்படிக்கை அது!

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பட்டணத்தில் வாழும் குடும்பங்கள் நம்மில் பல. பயிரிடுவோர் மருந்துச் செலவுக்குப் பணம் கேட்டு வரும்போது, கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “குழலைப் பிளந்து பார்த்தீர்களா?” நுனியில் துளையிருந்தால் ஈ பறந்துவிட்டது. உள்ளே புழுவின் உடல் நிறையக் குளவிக் குஞ்சுகள் இருந்தால், நமக்காக உழைக்கும் கூலியில்லா வேலையாள் அங்கே இருக்கிறான். ஐயமிருப்பின் குரும்பாப்பேட்டைக் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெளியலாம். பிளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். பாராமல் தெளித்த நஞ்சோ, வயலில் மட்டும் நின்றுவிடுவதில்லை.