இரக்கம் மட்டும் போதுமா?



இஷாவுக்குப் பிறகு வீட்டார் எல்லோரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் கூடியிருக்கும் நேரம். திரையில் கால் சூம்பிய ஒரு சிறுவன். தாய் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். கமரா அவளது கண்களுக்கு வெகு கிட்டப் போகிறது. பின்னணியில் சோகமான இசை. அறிவிப்பாளர் தாயிடம் கேட்கிறார், தகப்பனிடம் கேட்கிறார், அடுத்த வீட்டாரிடமும் கேட்கிறார். அந்தச் சிறுவனிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. முடிவில் ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். நாமும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், இப்படியொரு சோதனையை எங்களுக்குத் தந்துவிடாதே" என்று கேட்டுவிட்டுச் சோறு போட எழுந்து போய்விடுகிறோம்.

அந்தக் கண்ணீரை நான் குறை சொல்லமாட்டேன். பிறர் துன்பம் கண்டு கசியாத உள்ளம் உள்ளமல்ல. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த நிகழ்ச்சி அந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தது? அவனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது?

இந்தக் கேள்வியை உலகில் உரத்துக் கேட்டவர்கள், திரையில் காட்டப்பட்ட அதே மக்கள்தாம். அந்த வரலாறு நம் வீடுகளுக்கும் பாடம் தரக்கூடியது.

ஐக்கிய அமெரிக்காவில் ஜெரி லூயிஸ் என்றொரு நகைச்சுவை நடிகர் இருந்தார். தசைநார்கள் தேய்ந்துபோகும் நோய்க்காகப் பணம் திரட்டும் மாபெரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை 1966 முதல் 2010 வரை அவர் ஆண்டுதோறும் நடத்தி வந்தார். இரவு பகலாகத் தொடர்ந்து நடைபெறும் அந்நிகழ்ச்சியில் பாட்டு, வேடிக்கை, இடையிடையே நோயுற்ற சிறுவர்கள் என்று எல்லாம் இருக்கும். அச்சிறுவர்களை 'ஜெரியின் பிள்ளைகள்' என்றே அழைத்தார்கள். மொத்தமாகச் சேர்ந்த பணம் 200 கோடி டொலரையும் தாண்டியது. ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் அது உதவியதை யாரும் மறுப்பதற்கில்லை.

அப்படியிருந்தும் 1981இல் எவன் கெம்ப் என்ற சட்டத்தரணி அந்நிகழ்ச்சியைக் கண்டித்து 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். அவரும் அதே வகை நோயினால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர்தான். ஊனமுற்றோர் என்றால் எப்போதும் கையேந்தும் குழந்தைகள் என்ற எண்ணத்தை இத்தகைய நிகழ்ச்சிகள் ஊட்டுகின்றன என்பதே அவரது ஆதங்கம். அது நியாயமானதுதானே? இரவிலே திரையைப் பார்த்துப் 'பாவம்' என்று பணம் கொடுத்த முதலாளி, மறுநாள் அதே நோயுள்ள ஒருவர் வேலை கேட்டு வந்தால் கொடுப்பாரா? 'பாவம், இவரால் என்ன முடியும்?' என்றுதானே எண்ணுவார்.

1990இல் லூயிஸ் தமக்கே அந்நோய் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு ஒரு சஞ்சிகையில் எழுதினார். அதிலே அத்தகையவனைப் பாதி மனிதன் என்ற பொருள்பட அவர் குறிப்பிட்டுவிட்டார். சிறு வயதில் அந்நிகழ்ச்சிக்கான விளம்பரங்களில் காட்டப்பட்ட மைக் எர்வின், கிரிஸ் மெத்யூஸ் என்ற சகோதரனும் சகோதரியும் இதைக் கண்டு கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டே 'ஜெரியின் அநாதைகள்' என்று பெயர் சூட்டிக்கொண்டு எதிர்ப்புத் தெரிவிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்த அதே 1990ஆம் ஆண்டில்தான், கட்டடங்களிலும் பேருந்துகளிலும் வேலைத்தலங்களிலும் ஊனமுற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது. ஒரு பக்கம் அரை மனிதன் என்ற இரக்கம்; மறு பக்கம் முழு மனிதனுக்குரிய உரிமை.

பிரித்தானியாவிலும் இதே கதைதான். அங்கே ஐ.டி.வி. நடத்திய நிதி சேகரிப்பு நிகழ்ச்சிக்கு எதிராக 1990இலும் 1992இலும் இலண்டன் கலையகத்தின் முன்னால் சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களிலும் மக்கள் திரண்டார்கள். தர்மம் வேண்டாம், உரிமை வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. 1992க்குப் பிறகு அந்நிகழ்ச்சி நடைபெறவில்லை. 1995இல் ஊனமுற்றோருக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. இதற்காகப் போராடிய பார்பரா லிஸிக்கி, ஆலன் ஹோல்ட்ஸ்வேர்த் ஆகிய இருவரின் வாழ்க்கையை 2022இல் பி.பி.சி. நாடகமாக ஒளிபரப்பியது. பார்பராவாக நடித்த ரூத் மெட்லி சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். கதையை எழுதிய இருவரில் ஒருவரான ஜெனவீவ் பார் செவிப்புலனற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் கலையகத்தின் வாசலில் நின்றவர்களின் கதையை, அவர்களைப் போன்றவர்களே உள்ளே சென்று சொன்னார்கள்.

இரக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதுதான் அளவுக்கு மிஞ்சிய வியப்பு. "கையில்லாவிட்டாலும் காலால் எழுதுகிறாள், பாருங்கள்!" என்று காட்டும் நிகழ்ச்சிகள் இந்த ரகம். அவுஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் என்ற பெண் பத்திரிகையாளர் எலும்பு எளிதில் முறியும் நோயுடன் பிறந்தவர், 2014இல் காலமானார். அதே ஆண்டில் நிகழ்த்திய உரையொன்றில் தமது சிறுபராயத்துச் சம்பவம் ஒன்றைச் சொன்னார். அவருக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் வந்து, சாதனையாளர் விருதுக்கு அவரது பெயரைக் கொடுக்க விரும்புவதாகச் சொன்னாராம். பெற்றோரோ, "நல்லதுதான்; ஆனால் இவள் எதையும் சாதிக்கவில்லையே!" என்றார்களாம். மற்றப் பிள்ளைகளைப் போலப் பாடசாலை போய் வந்ததைத் தவிர ஸ்டெல்லா வேறொன்றும் செய்திருக்கவில்லை. படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு புன்னகைத்தாலும் அது சாய்தளமாக மாறிவிடாது என்ற கருத்தையும் அவர் அவ்வுரையில் சொன்னார். மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, படியை இடித்துச் சாய்தளம் கட்டவேண்டிய கடமை நம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது!

அப்படியானால் நல்ல நிகழ்ச்சி எப்படி இருக்கவேண்டும்? தாய்மார்களுக்குப் பிடித்த ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற சிறுவர் நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் எழுத்தாளர்களில் ஒருவர் எமிலி பேர்ள் கிங்ஸ்லி. 1974இல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. டவுன் சிண்ட்ரோம் என்றார்கள். இந்தப் பிள்ளை நடக்காது, பேசாது, எதையும் படிக்காது. ஒரு நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பிரசவத்தில் இறந்துவிட்டதாக உறவினரிடம் சொல்லிவிடுங்கள் என்பதே வைத்தியர் சொன்ன ஆலோசனை. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு மையித்துச் செய்தி அனுப்பச் சொன்னார்கள்!

அந்தத் தாய் கேட்கவில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பேசினார், பாடினார், எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அத்தோடு நிற்காமல், தாம் எழுதிய நிகழ்ச்சிக்குள்ளேயே அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கொண்டுவந்தார். அவரது மகன் ஜேசன் சின்னஞ்சிறு வயதிலேயே அந்நிகழ்ச்சியில் தோன்றினான். எழுத்துகளைச் சொன்னான், எண்ணினான், மற்றப் பிள்ளைகளோடு விளையாடினான். சோக இசை இல்லை, உண்டியலும் இல்லை. 1994இல் அதே ஜேசன் தம் நண்பரொருவரோடு சேர்ந்து ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். எதையும் படிக்காது என்று வைத்தியர் சொன்ன பிள்ளை அது. அதே நிகழ்ச்சியில் லிண்டா போவ் என்ற செவிப்புலனற்ற நடிகை 1971 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடம்பெற்றார். அவர் கையால் பேசுவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, சைகை மொழி என்பது வேடிக்கை பார்க்கும் விடயமாக இருக்கவில்லை.

இவ்விடத்தில் நம் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ள ஒரு பெண்மணியை நினைவுகூர்வது பொருத்தமாகும். வலிப்பு நோயினால் அவதியுற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுகிறது என்று முறையிட்டு, தமக்காகப் பிரார்த்திக்கும்படி வேண்டினார். விரும்பினால் பொறுமையாக இருக்கலாம், அதற்குச் சுவனம் உண்டு. விரும்பினால் நோய் குணமாகப் பிரார்த்திக்கலாம் என்று அண்ணலார் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் தம் மானம் வெளிப்படாதிருக்கப் பிரார்த்திக்குமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாறே பிரார்த்தித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

சகோதரிகளே, கவனித்தீர்களா? முடிவெடுக்கும் உரிமை அப்பெண்ணிடமே விடப்பட்டது. நோயைத் தாங்கிக்கொள்ள அவர் முன்வந்தார். ஊரார் முன் மானம் போவதைத் தாங்க முன்வரவில்லை. இந்தச் செய்தியை இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடமிருந்து கேட்டு அறிவித்த அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களும் கால் ஊனமுற்றவர், ஒரு கண் பார்வையற்றவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளார்கள். அவர்தாம் மக்காவின் முஃப்தியாகத் திகழ்ந்தவர். அவருக்காக அழுதவர்களைப் பற்றி வரலாறு பேசவில்லை. அவரிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்க வந்தவர்களைப் பற்றியே பேசுகிறது.

இன்று கமரா தொலைக்காட்சி நிலையத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஒரு சக்கர நாற்காலியைக் கொடுப்பார்கள். பத்துப் பேர் சுற்றி நின்று படம் பிடிப்பார்கள். அஸருக்குள் அது ஊர் முழுக்கக் கைத்தொலைபேசியில் சுற்றிவிடும். வாங்கியவரின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்கிவிட வேண்டாமென்று அல்குர்ஆன் எச்சரிக்கிறது. படம் பிடித்துக் காட்டுவது சொல்லிக்காட்டுவதில் சேராதா?

நம் நாட்டு நிலையையும் பார்ப்போம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம் போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் இருந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வியிலும் தொழிலிலும் பொது இடங்களிலும் இவர்களுக்குப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. எனினும் நம் கல்யாண வீடுகளில் பன்னிரண்டு பேருக்கு ஒருவரை நாம் காண்கிறோமா? மூத்தவளைப் பெண் பார்க்க வரும் நாளில், பேச்சு வராத தங்கையைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தும் வீடுகள் இல்லையா? வைத்தியர் சொன்ன அந்த மையித்துச் செய்தியைத்தான் நாமும் வேறு விதமாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

2021 ஒகஸ்டில் டோக்கியோ பராலிம்பிக்கில் நம் நாட்டின் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் தூரம் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் வென்றார். இலங்கைக்குக் கிடைத்த முதலாவது பராலிம்பிக் தங்கம் அது. தொலைக்காட்சியில் நாம் பார்த்தது காயமுற்ற கையை அல்ல. ஈட்டி போய் விழுந்த தூரத்தைத்தான். அப்படிப் பார்க்க நமக்குத் தெரியும். அந்தப் பார்வையை ஈட்டி எறியாத, விருது வாங்காத சாதாரணப் பிள்ளைக்கும் கொடுக்கவேண்டும்.

இனி இத்தகைய நிகழ்ச்சியொன்றைப் பிள்ளைகளோடு பார்க்கும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அவர் தாமே பேசுகிறாரா, அல்லது அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்களா? இரண்டாவது, குறை எங்கே இருப்பதாகக் காட்டுகிறார்கள்? அவரது காலிலா, அல்லது ஏற முடியாத பாடசாலைப் படியிலா? மூன்றாவது, இது உங்கள் பிள்ளையாக இருந்தால், இருபது வயதில் இந்தப் படத்தைப் பார்த்து அவன் உங்களுக்கு நன்றி சொல்வானா, நாணித் தலைகுனிவானா?

"உம்மா, அவருக்கு ஏன் கை இப்படி?" என்று பிள்ளை கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். "சிலர் அப்படிப் பிறக்கிறார்கள் மகன். வா, ஸலாம் சொல்லுவோம்" என்று கூட்டிப் போங்கள். நொண்டி, செவிடன், ஊமை என்ற பட்டப் பெயர்கள் வீட்டுக்குள் வேண்டாம். கேலி செய்வதையும் பட்டப் பெயர் சூட்டுவதையும் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயம், பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டே சொல்கிறது.

அடுத்த வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால், அவளது உம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் ஓய்வு கிடைக்க நீங்கள் போய் இருங்கள். குர்ஆன் மத்ரஸாவில் சேர்க்க மறுத்தால், அந்தத் தாயோடு நீங்களும் போய்க் கேளுங்கள். பள்ளிவாசலுக்கு டைல்ஸ் பதிக்கப் பணம் கேட்டு வந்தால், வாசற்படிக்கு ஒரு சாய்தளம் கட்டியாயிற்றா என்று வீட்டு ஆண்களிடம் கேட்டனுப்புங்கள். நாலு மூடை சீமெந்தும் ஒரு மேசன்பாஸின் இரண்டு நாள் வேலையும் போதும். உங்கள் வீட்டு நிக்காஹ் வைபவத்துக்கு அழைக்கப் போகும்போது, பின்னறையில் இருக்கும் அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லி அழையுங்கள். வந்தால் முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு வையுங்கள்.