திரும்பப் பெறப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டு: இரண்டாவது ஆபரேஷன் ஏன் இவ்வளவு சிக்கல்?

2010 ஆகஸ்டில் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிபியூ நிறுவனம், 'ஏ.எஸ்.ஆர்' என்ற செயற்கை இடுப்பு மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700.

சரி, பழுதான மூட்டைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டினால் முடிந்ததுதானே? இல்லை. இது பைக்கில் பேரிங் மாற்றுவது போன்ற வேலை கிடையாது.

ஏ.எஸ்.ஆரில் பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் உலோகம். ரெண்டும் உரசும்போது நுண்ணிய துகள்கள் உதிரும். அவை சுற்றியுள்ள தசையைப் பாதிக்கும், எலும்பையும் அரிக்கும்.

எலும்பு போனால் என்ன ஆகும்?

புதிய கிண்ணம் பிடித்து நிற்பதே இடுப்பு எலும்பில்தான். பழைய கிண்ணத்தை எடுக்கும்போது மிச்சம் இருக்கும் எலும்பிலும் கொஞ்சம் போகும். இழப்பு குறைவு என்றால் பெரிய கிண்ணத்தை ஸ்குரூ போட்டு நிறுத்தலாம். அதிகம் என்றால் தானமாகப் பெற்ற எலும்பு, நுண்துளை உலோகத் துண்டு, சிலருக்கு ஸ்கேன் பார்த்து அளவெடுத்துச் செய்த பாகம் வரை தேவைப்படும்.

பலருக்கு வலி குறைகிறது, நடக்கவும் முடிகிறது. ஆனால் முதல் ஆபரேஷனைவிட மூட்டு நழுவுவது, தொற்று, மீண்டும் தளர்வது எல்லாமே அதிகம். தசை சேதமாகியிருந்தால் நொண்டல் நிற்பதும் கஷ்டம். மூன்றாவது முறை போனால் பிடிமானத்துக்கு எலும்பு இன்னும் குறைவு.

அதனால் எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்பது முக்கியம். வலியே இல்லாதவருக்கும் உள்ளே அரிப்பு நடக்கலாம். ரத்தத்தில் உலோக அளவும் ஸ்கேனும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தியாவில் என்ன நிலை?

2018-ல் மத்திய அரசு, ஊனத்தின் அளவையும் வயதையும் வைத்து ரூ.30 லட்சம் முதல் ரூ.1.23 கோடி வரை இழப்பீட்டுக்கு ஒப்புதல் தந்தது. ஆனால் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே அப்போது தெரியவில்லை. உள்ளே இருப்பது ஏ.எஸ்.ஆர் என்பதுகூட தெரியாமல் அவர்களில் சிலர் நடமாடிக்கொண்டிருக்கலாம்.

2010-க்கு முன் இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் வீட்டில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா என்று தேடலாம். பொருத்திய பாகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும் ஸ்டிக்கர் அதோடு ஒட்டியிருக்கலாம்.